கூடப் பொரித்த குஞ்சுகளில் ஒன்று மட்டும் சோர்ந்து கிடந்தால்?

அடையில் பொரித்த கோழிக்குஞ்சுகளில் ஒன்று மட்டும் நிற்க முடியாமல் கிடக்கிறது, மற்றவை மிதிக்கின்றன, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சூடு, அப்புறம்தான் தீனி. உடம்பு குளிர்ந்த குஞ்சுக்கு இரை செரிக்காது. அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து, ஒரு மூலையில் மட்டும் குண்டு பல்பு எரியவிடுங்கள். பல்புக்குக் கீழே 35 டிகிரி செல்சியஸ் அளவு இருக்கட்டும். சூடு தாங்காவிட்டால் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், வழுக்கிக் கால் அகன்றுவிடும்.

தீனிக்கு அவசரமில்லை. பொரிக்கும் முன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாள் வரை தாங்கும். ஆனால் தண்ணீர் வேண்டும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். பாசம் மிகுந்து இப்படி ஊற்றிக் கொன்றுவிடுபவர்களும் உண்டு. வெல்லம் கரைத்த வெதுவெதுப்பான நீரை அலகின் ஓரத்தில் சொட்டாகத் தடவுங்கள், தானே குடிக்கும். எச்சம் காய்ந்து பின்புறம் அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடையுங்கள். தொப்புளில் ஏதாவது தொங்கினால் இழுக்கவே கூடாது.

முழுக்கத் தனியாக வைத்தால் கத்தியே களைத்துவிடும். நடுவில் கம்பி வலை வைத்து மற்றவற்றின் பக்கத்திலேயே விடுங்கள். நன்றாக ஓடத் தொடங்கியதும், இருட்டிய பிறகு தாய்க்கோழியின் இறக்கைக்குள் தள்ளிவிட்டால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும்.