அந்தத் ‘தானே’

அன்புள்ள ஐயா,
கொரோனாவை அரசுகள் ‘போர்’ என்று சொன்னதைப் பற்றிக் கல்லூரிக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன். மகாபாரதப் போர் 18 நாள், இந்தப் போர் 21 நாள் என்றார் பிரதமர். இது மக்களுக்குத் தைரியம் கொடுக்கவா, கேள்வி கேட்காமல் இருக்க வைக்கவா? மற்றபடி, இறந்தவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே இணை நோய் உள்ள வயதானவர்கள்தானே, அதை அரசு மறைக்கவில்லையே என்றும் தோன்றுகிறது.
ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

இரண்டுக்கும்தான். போர் என்று சொல்லிவிட்டால் சாவு தியாகமாகிவிடும், மருத்துவர்களுக்குக் கவச உடை ஏன் வரவில்லை என்ற கேள்வி துரோகமாகிவிடும். இதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், விடுங்கள்.

உங்கள் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதில். ‘வயதானவர்கள்தானே’. அந்தத் ‘தானே’ உங்களுக்கு எங்கிருந்து வந்தது? படிக்கிற பிள்ளை இப்படி எழுதலாமா?

2020இல் தினமும் மாலை சுகாதாரத் துறை அறிக்கை வரும். இறந்தவர்களை இணை நோய் உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்திருப்பார்கள். மருத்துவருக்கு அந்தக் கணக்கு வேண்டும், யாரை முதலில் கவனிப்பது என்று தெரிய. அதே சொல் டிவிக்கு வந்ததும், ‘அவர் எப்படியும் போயிருப்பார், உனக்கு ஒன்றும் ஆகாது’ என்று ஆகிவிட்டது.

என் அத்தைக்கு 58 வயது. சர்க்கரை இருந்தது, எங்கள் தெருவில் யாருக்கு இல்லை? மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் எழுந்து முப்பது வீட்டுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்தவர். ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் போய்விட்டார். அவர்கள் கொடுத்த தாளில் நீல மையில் ‘சர்க்கரை நோய், மாரடைப்பு’ என்று எழுதியிருந்தது. கொரோனா என்ற சொல்லே இல்லை. கொரோனா உறுதி என்று வந்த பரிசோதனைத் தாளை மாமா பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்தார்.

உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் 2021இல் விதி மாறியது: தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்தால் கொரோனா மரணம், குடும்பத்துக்கு 50,000 ரூபாய். மாமா அந்த உறையைத் தூக்கிக்கொண்டு, கொரோனா மரணமா என்று முடிவு செய்யும் மாவட்டக் குழுவுக்கு அலைந்தார். பணத்துக்காகவா என்று கேட்டேன். “அவ எதுல செத்தான்னு சரியா எழுதித் தரச் சொல்லு, போதும்” என்றார்.

சென்னையில் விடுபட்ட 444 கொரோனா மரணங்களை 2020 ஜூலை 22 அன்று கணக்கில் சேர்த்தார்கள். குழு போட்டுச் சரிபார்த்துச் சேர்த்தார்கள், அது நல்ல காரியம். ஆனால் அதுவரை அந்த 444 பேரும் மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்தார்கள், மாலை அறிக்கையில் இல்லை. அடுத்த வருடம் ஜூலை 20 அன்று மாநிலங்களவையில், ஆக்சிஜன் இல்லாமல் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்று மத்திய அரசு பதில் தந்தது. சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ம.

கட்டுரையில் போருக்கு இரண்டு பத்தி போதும். உங்கள் தெருவிலேயே யார் வீட்டிலாவது அப்படி ஒரு ஆஸ்பத்திரித் தாள் இருக்கும். போய் உட்கார்ந்து, காபி கொடுத்தால் குடித்து, அப்புறம் கேளுங்கள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.