தனியாக ஆடும் கதைக்கு ஒரு பாத்திரம்: கேள்வி பதில்

தாள், பென்சில், பகடை வைத்து ஆடும் கதைவிளையாட்டை, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரும் குழுவும் இல்லாமல் தனியாக ஆடலாம் என்று சென்ற முறை எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பாத்திரம் உருவாக்குவதைப் பற்றித்தான். நான் ஆடுவது ஷான் டாம்கின் எழுதிய அயர்ன்ஸ்வோர்ன். 2018இல் வந்தது, விதிநூலின் பிடிஎஃப் இலவசம். அதனால் உதாரணங்களும் பெரும்பாலும் அதிலிருந்தே.

அக்கா, பன்னிரண்டு பக்கம் முன்கதை எழுதிவிட்டேன். ஆட உட்கார்ந்தால் ஒன்றுமே நகரவில்லை. என்ன தப்பு?

கதையை எழுதி முடித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். குழுவோடு ஆடும்போது எதிரே இருப்பவர் “ஏன் அந்த ஊரை விட்டு வந்தாய்?” என்று கேட்பார். நீங்கள் அந்த இடத்திலேயே யோசித்துச் சொல்வீர்கள். தனியாக ஆடும்போது அப்படிக் கேட்கப் பகடையை விட்டால் வேறு ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவைத்துவிட்டால் அது எதைக் கேட்கும்?

என் பாத்திரம் வள்ளியைப் பற்றி முதல் நாள் நான் எழுதியது நான்கு வரி. மூலிகை தெரிந்தவள். அண்ணன் வடக்கே போய்த் திரும்பவில்லை. ஆற்றுத்துறை ஓடக்காரர் மட்டும் அவளோடு பேசுவார். ஊரில் மற்றவர்கள் பேசமாட்டார்கள். ஏன் பேசமாட்டார்கள் என்று எழுதவில்லை, எனக்கும் தெரியாது.

ஆறாவது முறை ஆடும்போது ஊர்த்தலைவர் அவளுக்குத் தானியம் தர மறுத்தார். அண்ணன் செய்த ஏதோ ஒன்றுக்காகவா என்று ஆரக்கிளைக் கேட்டேன், அதாவது ஆம்-இல்லை கேள்விக்குப் பகடை போட்டுப் பதில் பார்த்தேன். ‘அநேகமாக ஆம்’ என்று வைத்துக்கொண்டால், 1 முதல் 100 வரையில் 26 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் ஆம். 14 விழுந்தது. இல்லை! அண்ணன் காரணம் இல்லையென்றால் அவளேதான் காரணம். மருந்து கொடுப்பவள் மீது ஊருக்கு என்ன கோபம் இருக்கும்? போன குளிர்காலத்தில் அவள் மருந்து கொடுத்தும் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. தலைவரின் குழந்தை. அதை எழுதிவிட்டு நோட்டை மூடிவைத்தேன், அன்றைக்கு அதற்கு மேல் ஆட முடியவில்லை. பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தால் அந்தக் குழந்தை என் கதைக்குள் வந்திருக்காது.

உங்கள் பன்னிரண்டு பக்கத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அதிலிருந்து நான்கு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி எல்லாம் ஊரார் சொல்லும் வதந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையா பொய்யா என்பதைப் பகடை சொல்லட்டும்.

ஐந்து திறன்களுக்கு 3, 2, 2, 1, 1 என்று பிரிக்கச் சொல்கிறார்கள். எதற்கு எது?

எட்ஜ் என்றால் வேகம், வில். ஹார்ட் என்றால் மனத்துணிவு, பிறரை வசப்படுத்துவது. அயர்ன் உடல்பலமும் கைச்சண்டையும். ஷேடோ ஒளிவுமறைவு, ஏமாற்று. விட்ஸ் புத்திக்கூர்மை. புதிதாக வருபவர்கள் அடிதடியை நினைத்து அயர்னில் 3 போட்டுவிடுகிறார்கள். ஆனால் பயணம் போவது, தகவல் சேகரிப்பது, காயத்துக்கு மருந்து போடுவது எல்லாம் விட்ஸ். பாத்திரம் ஒன்றைச் செய்து முடிப்பேன் என்று சபதம் எடுப்பதே ஹார்ட்டை வைத்துத்தான். ஆகவே இந்த இரண்டையும் ஒன்றாகப் பட்டினி போடாதீர்கள்.

ஒரு ஆறுமுகப் பகடையோடு திறனைக் கூட்டி, இரண்டு பத்துமுகப் பகடைகளோடு ஒப்பிடுகிறோம். இரண்டையும் தாண்டினால் முழு வெற்றி, ஒன்றை மட்டும் தாண்டினால் அரை வெற்றி, சமமாக வந்தால் தாண்டியதாகாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேறு எதுவும் கூட்டாமல் போட்டால், திறன் 3 என்றால் நூறு தடவையில் சுமார் 23 தடவை தோல்வி. 2 என்றால் 33. 1 என்றால் 45. ஆக, 1 போடுகிற இடத்தில்தான் உங்கள் கதையின் தொல்லைகள் பெரும்பாலும் முளைக்கும். எந்த மாதிரித் தொல்லையை எழுத உங்களுக்கு ஆசை என்று யோசித்து அங்கே 1 வையுங்கள். வள்ளிக்கு அயர்ன் 1. ஒவ்வொரு சண்டையும் எனக்கு நிஜமாகவே பயம்.

அயர்ன்ஸ்வோர்ன் கதை நடக்கும் அயர்ன்லேண்ட்ஸ் பனி நிலமாயிற்றே, தமிழ்ப் பெயர் வைத்தால் ஒட்டுமா?

ஒட்டும். அந்த உலகத்தின் உண்மைகளை ஆட்டம் தொடங்கும் முன் நீங்களேதான் தேர்ந்தெடுக்கிறீர்கள். விதிநூலில் பெயர்ப் பட்டியல் உண்டு, எனக்கு அந்தப் பெயர்கள் வாயில் வரவில்லை. வாய்விட்டுக் கூப்பிட முடிகிற பெயர் என்றால் பாத்திரம் சீக்கிரம் நெருங்கிவிடும்.

பத்துமுகப் பகடை இல்லை, என்ன செய்ய?

1 முதல் 10 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்ட பிறகுதான் அடுத்ததை எடுக்க வேண்டும்.

பழிவாங்குவதுதான் என் பாத்திரத்தின் சபதம். இரண்டு மாதமாகியும் பக்கத்தில்கூடப் போகவில்லை.

அதை ‘எபிக்’ என்ற மிகக் கடினமான தரத்தில் வைத்திருப்பீர்கள். சபதம் எவ்வளவு முன்னேறியது என்று குறிக்கும் பத்துக் கட்டங்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு கோடு. எபிக் என்றால் ஒரு மைல்கல்லுக்கு, அதாவது சபதத்தை நோக்கி ஒரு படி முன்னேறியதற்கு, ஒரே கோடு, முழுதாக நிரப்ப நாற்பது மைல்கல் வேண்டும். பின்னணிச் சபதம் அப்படிப் பெரிதாக இருக்க வேண்டியதுதான். ஆனால் அது கூடவே வருவதற்கு. இன்றைக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வைக்கச் சின்னதாக இன்னொரு சபதம் வேண்டும். மிக எளிய ‘ட்ரபிள்ஸம்’ தரத்தில் ஒரு மைல்கல்லுக்கு மூன்று கட்டம், அதற்கு அடுத்த ‘டேஞ்சரஸ்’ என்றால் இரண்டு. வள்ளியின் பின்னணிச் சபதம் அண்ணனைக் கண்டுபிடிப்பது. முதல் நாள் அவள் எடுத்த சபதமோ, ஓடக்காரருடைய காய்ச்சலுக்கு மலைமேலிருந்து வேர் கொண்டுவருவது. யாருக்காக, எதற்குள், தவறினால் யார் முகத்தில் விழிக்க முடியாது: இவை தெரிந்தால் சபதம் உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

சார், டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பில் வைத்திருக்கும் மந்திரவாதியை அப்படியே தனியாக ஆடலாமா?

அக்கா என்றே சொல்லுங்கள். ஆடலாம், ஆனால் காப்லின் என்ற குட்டி அரக்கர்கள் ஐந்து பேர் வந்தால் ஒரு சுற்றில் அவர்களுக்கு ஐந்து அடி, உங்களுக்கு ஒன்று. அந்த விளையாட்டு ஒரு குழுவை நினைத்துச் செய்தது. 2020இல் வந்த டாஷாவின் நூலில் (Tasha’s Cauldron of Everything) சைட்கிக், அதாவது துணைப்பாத்திர விதிகள் இருக்கின்றன. அதிலிருந்து முன்னால் நின்று அடி வாங்கும் ஒரு துணையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எதிரிகளின் எண்ணிக்கையையும் குறையுங்கள்.

தொடக்கத்தில் கிடைக்கும் மூன்று அசெட்டில் (பாத்திரத்தின் சிறப்புத் திறமை அல்லது துணை) ஒன்றை நாய்க்குச் செலவழிப்பது வீண் இல்லையா?

நிச்சயமாக இல்லை. வள்ளிக்கு ஹெர்பலிஸ்ட் (மூலிகை தெரிந்தவள்), வேஃபைண்டர் (வழி கண்டுபிடிப்பவள்), அப்புறம் கருப்பன் என்ற நாய். தனியாக ஆடும்போது பாத்திரத்துக்குப் பேச ஆள் இருக்காது, எல்லாமே மனசுக்குள் ஓடும். கருப்பன் பக்கத்தில் இருப்பதால் அவள் வாய்விட்டுப் பேசுகிறாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிவதே அவள் கருப்பனிடம் சொல்லும்போதுதான்.

என் ஆள் இரண்டாவது நாளே செத்துவிட்டான். எல்லாம் முதலிலிருந்தா?

சாவை எதிர்கொள்ளும் பகடையை ஹார்ட் சேர்த்துப் போட்டீர்களா? முழு வெற்றி என்றால் மரணம் அவனைத் திருப்பி அனுப்பிவிடும். அரை வெற்றி என்றால் உயிருக்கு ஈடாக அது ஏதாவது கேட்கும், இல்லையேல் ஒரு தியாகத்தோடு முடியும். தோல்வி என்றால் செத்தது செத்ததுதான், அதை மாற்றாதீர்கள்.

ஆனால் அவனுடைய தாளைக் கிழிக்க வேண்டாம். அதன் பின்பக்கத்தில் அவன் விழுந்த இடம், கையில் இருந்த பொருள், முடிக்காத சபதம், அவன் வருவான் என்று காத்திருப்பவர் யார் என்று எழுதிவையுங்கள். காத்திருக்கும் அந்த ஆள்தான் உங்கள் அடுத்த பாத்திரம். எனக்கு நடந்தது அதுதான். வடக்கே போன அண்ணன் என் முதல் பாத்திரம், மூன்றாவது முறை ஆடும்போதே பனிப்பள்ளத்தில் விழுந்துவிட்டான். அந்த இடத்துக்கு இரண்டு நாள் நடை தூரத்தில் வள்ளி இப்போது முகாம் போட்டிருக்கிறாள். கருப்பன் இரவு முழுக்க வடக்கே பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது.