இரவு ஒன்பதரை மணிக்குப் போய்ப் பாருங்கள்

கேள்வி: ஈரோட்டில் தனியாக இருந்த என் அம்மா (வயது 79) குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு பன்னிரண்டு நாள் ஆகிறது. வாக்கர் பிடித்து நான்கடி நடக்கிறார். பகலில் தெளிவாக இருப்பவர், இரவானால் ஆள் அடையாளம் தெரியாமல் பேசுகிறார். சனிக்கிழமை டிஸ்சார்ஜ். நானும் என் கணவரும் பெங்களூரில் வேலையில் இருக்கிறோம், அக்கா அமெரிக்காவில். மருத்துவமனையில் பழக்கமான ஒருவர் ஓர் இல்லத்தைக் காட்டினார். மாதம் 42,000 ரூபாய், முன்பணம் 2 லட்சம். கட்டடம் புதிதாக, சுத்தமாக இருக்கிறது. அக்காவோ, "ரேட்டிங் என்ன, இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எங்கே" என்று கேட்கிறாள். இங்கே அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அந்த இல்லம் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உங்கள் அக்கா கேட்பது நியாயமான கேள்வி. அவர் இருக்கும் நாட்டில் அரசுப் பணம் பெறும் நர்சிங் ஹோம்களுக்கு 2008 முதல் ஐந்து நட்சத்திர வரிசை உண்டு. சோதனைக்குப் போன அலுவலர் என்ன குறை கண்டார் என்பதை வீட்டிலிருந்தபடியே எவரும் படிக்கலாம். இங்கே உங்கள் கைப்பேசியில் தெரியும் நட்சத்திரங்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து பாட்டியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போன பேரப்பிள்ளைகள் இட்டவை. 2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது என்று வசதியற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. பணம் கட்டிச் சேரும் தனியார் இல்லத்தில் இரவு எத்தனை செவிலியர் விழித்திருக்க வேண்டும் என்பதைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. டீக்கடைக்காரரிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு எங்கே என்று கேட்கும் அரசாங்கத்துக்கு, படுத்த படுக்கையாக நாற்பது பேர் கிடக்கும் கட்டடத்துக்குள் இரவில் ஒருமுறை எட்டிப் பார்க்க ஏன் நேரமில்லை என்பது, முப்பத்திரண்டு ஆண்டு செவிலியர் பணியில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பதிவுச் சான்றைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது கட்டடத்துக்கும் அறக்கட்டளைக்குமான காகிதம். ஆகவே அந்த இன்ஸ்பெக்டர் வேலையை நீங்களேதான் செய்தாக வேண்டும்.

முதலில், உங்கள் அம்மாவுக்கு எது தேவை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நடமாட்டத்தோடு இருப்பவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் தரும் இல்லம், குளிக்கவும் உடுத்தவும் மாத்திரை எடுக்கவும் கைகொடுக்கும் இல்லம், மூக்கு வழிக் குழாயும் யூரின் ட்யூபும் புண்ணுக்குக் கட்டும் பார்க்கும் செவிலியர் இல்லம் ஆகிய மூன்றையும் நாம் 'முதியோர் இல்லம்' என்ற ஒரே பெயரால்தான் அழைக்கிறோம். விளம்பரத் தாளிலும் மூன்றும் இருப்பதாகவே அச்சிட்டிருப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு இப்போதைக்கு வேண்டியது இரண்டாவது வகை. அதோடு நாள்தோறும் பிசியோதெரபியும், பக்கத்தில் தகுதியுள்ள செவிலியரும் இருக்க வேண்டும். "இன்றைய தேதியில் உங்களிடம் இடுப்பு ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களை யார் நடக்க வைக்கிறார், எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். ஆள் பெயரும் நேரமும் உடனே வந்தால் நல்லது. "எல்லாம் பார்த்துக்கிறோம் மேடம்" என்று பதில் வந்தால், அங்கே பார்ப்பவர் எவரும் இல்லை.

இரவில் அவர் ஆள் மாறிப் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்த வயதில் இத்தகைய குழப்பம் வருவது மிகவும் வழக்கம்; சிறுநீரில் கிருமித் தொற்று, உடம்பில் உப்புக் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு, நான்கு நாள் மலச்சிக்கல், வலி, ஏன், மூக்குக் கண்ணாடியும் காது மிஷினும் வீட்டிலேயே தங்கிவிட்டதுகூடக் காரணமாகலாம். காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பெரும்பாலானோர் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தெளிந்துவிடுகிறார்கள். எனவே டிஸ்சார்ஜுக்கு முன் இரத்தத்தில் சோடியம் அளவையும் சிறுநீரையும் பார்த்தார்களா என்று மருத்துவரைக் கேளுங்கள். இல்லத்தாரிடம், "இரவில் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "ஒரு மாத்திரை கொடுத்தால் தூங்கிவிடுவார்கள்" என்று மேலாளர் பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். மறதி நோயுள்ள முதியோருக்கு, இப்படி அடக்கி வைக்கக் கொடுக்கும் சில மனநல மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்துவிட்டது. மறதி நோய் இல்லாதவருக்கும் அரைத் தூக்கத்தில் எழுந்து விழுந்து இன்னோர் எலும்பு முறிவதற்கு அது ஒன்றே போதும்.

அடுத்து, அந்த 'மருத்துவமனையில் பழக்கமான ஒருவர்'. அவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியாது. லிஃப்ட் அருகிலும் பில்லிங் கவுண்டரிலும் நின்று, டிஸ்சார்ஜ் தேதி சொல்லப்பட்ட குடும்பங்களைக் கண்டுபிடித்து, "நம்ம சொந்த இல்லம் மாதிரி" என்று கார்டு நீட்டும் இவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நான் அறிந்தவரை, ஒரு முதியவரைச் சேர்த்துவிட்டால் ஒரு மாதக் கட்டணத்தில் பாதியோ முழுமையோ இவர் கைக்குப் போகிறது. அந்தப் பணத்தை இல்லத்தார் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. இரவுப் பணியாளர் ஒருவரைக் குறைத்தோ, நீங்கள் வாங்கும் டயப்பரின் விலையில் ஏற்றியோ ஈடுகட்டிவிடுகிறார்கள். இரண்டு படுக்கைதான் மீதி, நாளைக்குள் முன்பணம் போடுங்கள் என்று அவர் அவசரப்படுத்துவார். இல்லக் கட்டணத்தை இன்சூரன்ஸில் வாங்கிவிடலாம் என்பார், வாங்க முடியாது. மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பாலிசி பேசும். 70 வயது நிறைந்தோருக்கு மத்திய அரசு 2024 அக்டோபரில் கொண்டுவந்த 5 லட்சம் ரூபாய்க் காப்பீடும் அப்படித்தான். ஒன்று செய்து பாருங்கள். உங்கள் கணவரின் நண்பர் யாரையாவது, கார்டு நீட்டியவரின் பெயரைச் சொல்லாமல், அதே இல்லத்துக்குத் தம் தாய்க்காக விசாரிப்பது போல் நேரே அனுப்புங்கள். அவரிடம் 36,000 என்று சொன்னால், அந்த ஆறாயிரம் யாருக்கு என்பது தெரிந்துவிடும். இவர்களில் நல்லவர்களும் இருக்கலாம். சனிக்கிழமைக்குள் அவர்களைப் பொறுக்கி எடுக்க உங்களுக்கு நேரமில்லை.

இனி இல்லத்துக்குப் போவோம். நீங்கள் பார்த்தது பகலில், சொல்லிவிட்டுப் போய், மேலாளர் கூடவே நடக்க. அப்படிப் பார்த்தால் எந்த இல்லமும் கல்யாண மண்டபம் போல்தான் இருக்கும். வியாழனோ வெள்ளியோ, சொல்லாமல், இரவு ஒன்பதரை மணிக்குப் போங்கள். கேட்டைத் திறக்க எத்தனை நிமிடம் ஆகிறது, திறப்பவர் வாட்ச்மேனா, சமையல்காரரா, பணிப்பெண்ணா என்று கவனியுங்கள். உள்ளே விழித்திருப்பவர் எத்தனை பேர், படுத்திருக்கும் முதியோர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வெள்ளைச் சீருடை அணிந்தவரெல்லாம் செவிலியர் அல்லர், மூன்றாண்டு ஜி.என்.எம். பட்டயம் படித்தவரா, நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்தவரா, தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு எண் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். உண்மையான செவிலியர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். பதிவு எண்ணை மனப்பாடமாகச் சொல்வார். இரண்டு மாதப் பயிற்சி பெற்ற பணிப்பெண்கள் அன்பாகவே நடந்துகொள்வார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரை இறங்கிப் பேச்சு குழறுவதற்கும் தூக்கக் கலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் எப்படி அறிவார்கள்?

பிறகு நோட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு முதியவருக்கும் இரத்த அழுத்தம், காய்ச்சல், சிறுநீர், மலம், கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதும் பதிவேடு இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் இல்லத்துக்குப் போயிருந்தேன். மாலை நான்கு மணி. மேசை மேல் கிடந்த நோட்டைப் புரட்டினால், அன்றிரவு பத்து மணிக்கான இரத்த அழுத்தம் பதினான்கு பேருக்கும் எழுதி முடிக்கப்பட்டிருந்தது. எல்லாம் ஒரே நீல மை, எல்லாம் 120/80 அல்லது 130/80, அடியில் ஒரே கையெழுத்து. அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் முந்தின நாளே மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவர். நல்ல நோட்டு அழுக்காக இருக்கும். வேறு வேறு கையெழுத்து, அடித்தல், 'மருந்து துப்பிவிட்டார், டாக்டருக்கு போன் செய்தேன், 11.20' என்பது போன்ற வரிகள் அதில் இருக்கும். உங்கள் அம்மா இன்னும் அங்கே சேராததால் மற்றவர் நோட்டைக் காட்ட மறுப்பார்கள், அது முறைதான். பெயரை மறைத்து ஒரு பக்கம் காட்டச் சொல்லுங்கள்.

படுக்கைப் புண்ணைப் பற்றி எல்லோரும் ஒரு விதி சொல்வார்கள்: புண் வந்தால் கவனிப்பு சரியில்லை என்று பொருள். தானாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அதைச் செய்யாத இடத்தில் புண் வரும். விதி சரி. ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இதனால் நல்ல இல்லங்கள் பழி சுமப்பதையும், மோசமான இல்லங்கள் தப்பிப்பதையும் பார்த்திருக்கிறேன். அழுத்தத்தால் ஆழத்தில் சதை நசிந்தால், மேல் தோலில் அது தெரிய இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். மருத்துவமனைப் படுக்கையில் கடைசி ஓரிரு நாளில் அசையாமல் கிடந்த குதிகாலில் உண்டான நசிவு, இல்லத்துக்குப் போன மூன்றாம் நாள் கருநீலமாகத் தலைகாட்டும். நீங்கள் இல்லத்தாரைத் திட்டுவீர்கள், அவர்கள் மருத்துவமனையைக் கைகாட்டுவார்கள், இடையில் புண் ஆழமாகும். நம்மவர் தோல் நிறத்தில் தொடக்கச் சிவப்பு எளிதில் கண்ணுக்குப் படாது. தொட்டுப் பார்த்தால் அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கும். எனவே டிஸ்சார்ஜ் அன்று காலையில், அம்மாவின் ஒப்புதலோடு, வார்டு செவிலியரை வைத்துக்கொண்டு இரண்டு குதிகால், முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இரு பக்கம் ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்து, தேதி தெரியும்படி படம் எடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இல்லத்தில் சேர்த்த ஒரு மணி நேரத்துக்குள் அவர்களும் பார்த்து எழுத வேண்டும். கேட்காமலே போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்க்கும் இல்லம் கிடைத்தால், மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அழைப்பு மணி சுவரில் இருக்கிறதா, படுத்திருப்பவர் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்து, ஒருமுறை அழுத்தி, ஆள் வரும் வரை கடிகாரத்தைப் பாருங்கள். தண்ணீர் டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அங்கிருப்பவர்களின் கால் நகங்களைக் கவனியுங்கள். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்பது மிக முக்கியம். நுழையாவிட்டால் 108 வாசலில் வந்து நின்றாலும் நாற்காலியில் வைத்துத்தான் இறக்குவார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஊட்டுபவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடி அள்ளிப் போடுகிறாரா என்றும் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை மட்டும் படித்தால் போதும். முன்பணம் எத்தனை நாளில் திரும்பி வரும், அம்மா மருத்துவமனைக்குப் போனால் அந்த நாட்களுக்கு முழுக் கட்டணமா, 42,000-க்கு மேல் எவையெல்லாம் தனி. டயப்பர், பிசியோதெரபி, மருத்துவர் வருகை, தனி ஆள் என்று சேர்ந்து மாத பில் அறுபதாயிரத்தைத் தொடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 2 லட்சத்துக்கு ரசீது வாங்குங்கள், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ரசீது இருந்தால், தகராறு வரும்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, வழக்கு முடிய எவ்வளவு காலம் ஆகும் என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஈரோட்டு வீட்டை அறக்கட்டளைக்கு எழுதி வைத்தால் ஆயுள் முழுவதும் இலவசம் என்று யாராவது பேச்செடுத்தால், அந்த உரையாடலை அங்கேயே முடித்துவிடுங்கள்.

முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் பேசுங்கள். கால் ஊன்றி இரவுக் குழப்பமும் தெளிந்தால் அம்மாவுக்கு இல்லமே தேவைப்படாமல் போகலாம். அதற்கு முன், சனிக்கிழமைக்குப் பதில் திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் செய்யச் சொல்லி மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். இரண்டு நாள் வார்டு வாடகை கூடுதலாகும். இரவில் இரண்டு இல்லங்களைப் போய்ப் பார்க்க அந்த அவகாசம் வேண்டும்.