கார்புரேட்டரைச் சுத்தம் செய்தபின் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை: புதிது வாங்க வேண்டுமா?

கேள்வி: என் 4 ஸ்ட்ரோக் பைக் ஐட்லிங்கில் அடிக்கடி நின்றுபோனது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். இப்போது கிக்கருக்கும் மசியவில்லை, செல்ஃபுக்கும் மசியவில்லை. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தட்டுத்தடுமாறியாவது ஓடிய வண்டி, கழற்றி மாட்டியதும் ஒரேயடியாக நின்றால், கோளாறு பெரும்பாலும் மாட்டியதில்தான் இருக்கும்.

கில் ஸ்விட்ச், பிளக் கேப், கார்புரேட்டர் பக்கம் கழற்றிய ஒயர்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கார்புரேட்டரின் அடியில் மிதவையோடு பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணம் காலியாகியிருக்கும்; அது நிரம்ப, பெட்ரோல் டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள். இன்ஜின் உறிஞ்சும்போது மட்டும் திறக்கும் வேக்கும் டேப் என்றால் இன்ஜினிலிருந்து வரும் மெல்லிய ஹோஸை மாட்டாவிட்டால் பெட்ரோல் இறங்காது. பிறகு சோக் போட்டு 10 கிக் அடித்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. கிண்ணத்தின் அடியிலுள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒரு பாட்டிலில் பிடியுங்கள். தொடர்ந்து ஒழுக வேண்டும். கொஞ்சம் வந்து நின்றுவிட்டால், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் நீடில் ஒட்டியிருக்கும், அல்லது டேப் ஃபில்டரோ டேங்க் மூடியின் காற்றுத் துளையோ அடைத்திருக்கும். நன்றாக ஒழுகியும் பிளக் காய்ந்தே இருந்தால், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் துளையுள்ள சிறு திருகான ஸ்லோ ஜெட்டைச் சந்தேகியுங்கள். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாக இறுகியிருந்தால் மேலோட்டமாக ஸ்ப்ரே அடித்து எடுக்க முடியாது. கிளீனரில் ஊறவைத்து, ஒயருக்குள் இருக்கும் ஒற்றைச் செம்பு இழையை நுழைத்து எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். ஊசியோ டிரில்லோ கூடாது. துளை பெரிதானால் ஜெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பிளக் நனைந்து பெட்ரோல் சொட்டினால் நிலைமை நேரெதிர். நீடில் உட்காரும் இடத்தில் தூசி, ஃப்ளோட் பின் நழுவியது, ஃப்ளோட் வளைந்தது என்று காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும். இந்த நிலையில் இன்ஜின் ஆயில் அளவு ஏறி பெட்ரோல் வாடை அடித்தால், ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீடிலைச் சரிசெய்தபின் பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு கிக் அடியுங்கள்.

இரண்டுமே இல்லையென்றால் மாட்டிய விதத்தைப் பாருங்கள். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் மேலேறும் ஸ்லைடின் வெட்டுப் பக்கம் ஏர் ஃபில்டரை நோக்கி இருக்க வேண்டும். அதன் பள்ளம் உள்ளே நீட்டியிருக்கும் முள்ளில் சரியாக உட்கார வேண்டும். ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை லேசாக அடிவரை இறுக்கி, ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று வெளியே விடுங்கள். அதன் பழைய ஓ-ரிங் துளைக்குள்ளேயே தங்கிவிடுவது உண்டு; அதன்மேல் புதியதைப் போட்டால் எந்த அளவும் சரிவராது. இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்போ, கிளாம்ப் தளர்வோ இருந்தால் காற்று புகுந்து கலவை மெலிந்துவிடும்.

ரப்பர் பாகங்களைக் கழற்றாமல் கிளீனர் அடித்திருந்தால் அவை ஊதிப்போயிருக்கும். அப்போது தேவை ஒரு ரிப்பேர் கிட் மட்டுமே. அதிலுள்ள ஓ-ரிங், கேஸ்கெட், ஃப்ளோட் நீடிலைப் பயன்படுத்துங்கள். கிட்டோடு வரும் ஜெட்டுகளில் பொறித்திருக்கும் எண், உங்கள் பழைய ஜெட்டின் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் பழையதையே சுத்தம் செய்து போடுங்கள்.

முழு கார்புரேட்டரை மாற்றச் சில காரணங்கள்தான் நியாயமானவை: ஸ்லைடு தேய்ந்து ஆடுவது, ஜெட் இறங்கும் மரை போனது, உடம்பிலுள்ள துளைகள் அரித்துப்போனது. இவற்றில் எது என்று மெக்கானிக்கைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால், உடம்பில் பொறித்த மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சிசி ஒன்றாக இருப்பது மட்டும் போதாது.