படத்தில் எண்ணெய் எங்கே?

அன்புள்ள ஐயா,

'சைபீரியாவில் எண்ணெய் தேடும் நிலவியலாளர்கள்' என்று எழுதி நண்பர் ஒரு ஓவியத்தை அனுப்பினார். பாவெல் நிக்கோனோவ் 1962-இல் வரைந்தது, தலைப்பு 'நிலவியலாளர்கள்'. ரொம்ப நேரம் பார்த்தேன். எண்ணெய்க் கிணறு இல்லை, துளையிடும் கோபுரம் இல்லை, ஒரு முகத்திலும் உற்சாகம் இல்லை. இதில் இருக்கும் ஒரே எண்ணெய் பெயிண்ட்டில் கலந்ததுதான் என்று அவரைக் கிண்டல் செய்தேன். சோவியத் பிரச்சாரப் படம்தானே, அதில்கூட ஏன் இவ்வளவு அழுகை? இதை ஏன் முக்கியமான ஓவியம் என்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கிண்டல் நன்றாக இருந்தது. ஆனால் எண்ணெய் என்பது உங்கள் நண்பர் சேர்த்தது. ஓவியர் வைத்த தலைப்பு அந்த ஒற்றைச் சொல்தான். எதைத் தேடுகிறார்கள் என்று படம் சொல்வதில்லை. சரி, எண்ணெய் என்றே வைத்துக்கொள்வோம், தப்பில்லை, மேற்கு சைபீரியாவில் எண்ணெய் வெளிப்படத் தொடங்கியிருந்த நேரம்தான் அது.

எண்ணெய் தேடுகிறவன் எண்ணெயைப் பார்ப்பதே இல்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அவன் பார்ப்பது பாறை, வரைபடம், அப்புறம் சீஸ்மிக் பதிவுத்தாளில் கோணல்மாணலாக ஓடும் கோடுகள். தரையில் சின்னக் குழி போட்டு வெடி வைப்பார்கள், அந்த அதிர்வு அடியில் இருக்கும் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பி வரும், வரிசையாக நட்டு வைத்த கருவிகள் அதைப் பதிவு செய்யும், அதை வைத்து எங்கோ ஆழத்தில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி, எண்ணெய் தங்கக்கூடிய ஒரு பாறை மடிப்பு இருக்கலாம் என்று ஊகிப்பார்கள். மடிப்பு இருந்தால் எண்ணெய் இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. துளை போட்டுப் பார்த்தால்தான் தெரியும், பல துளைகளில் வெறும் தண்ணீர்தான் வரும். மேற்கு சைபீரியாவில் இதையெல்லாம் சதுப்பு நிலத்தில் செய்ய வேண்டும். கோடையில் சேறும் கொசுப்படையும், கனமான இயந்திரங்களை நகர்த்த வேண்டுமென்றால் குளிர்காலம் வந்து சதுப்பு உறைய வேண்டும். அந்த வேலையில் இருக்கிறவன் முகத்தில் உற்சாகத்தை வரைந்திருந்தால்தான் அது பிரச்சாரம்.

எவ்வளவு காலம் தேடினார்கள் என்று பாருங்கள். யூரல் மலைக்குக் கிழக்கே எண்ணெய் தேட வேண்டும் என்று சோவியத் நிலவியலாளர் இவான் குப்கின் 1932-இல் சொன்னார். அவர் 1939-இல் இறந்துபோனார். மேற்கு சைபீரியாவின் பெரியோசோவோவில் முதன்முதலாக எரிவாயு பீறிட்டது 1953 செப்டம்பரில். அதற்கும் ஒரு கதை சொல்வார்கள்: திட்டமிட்ட இடத்துக்குச் சாமான்களைக் கொண்டுபோவது கஷ்டம் என்று ஆற்றங்கரைப் பக்கமாக இடத்தை மாற்றித் துளை போட்டார்களாம், சொன்ன இடத்திலேயே போட்டிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காதாம். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். மேலதிகாரிக்குப் பிடித்திருக்காது.

ஃபர்மான் சல்மானோவையும் சொல்ல வேண்டும். அஜர்பைஜான்காரர், நிலவியலாளர். வேறு இடத்தில் தேடச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், அங்கே எண்ணெய் கிடையாது என்று அவருக்குத் தோன்றியது, 1957-இல் உத்தரவு எதுவும் இல்லாமல் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேற்கு சைபீரியாவின் சுர்குத்துக்குப் போய்விட்டார். 1961-இல் அந்தப் பகுதியில் மெகியோன் என்ற இடத்தில் எண்ணெய் வந்தபோது, சைபீரியாவில் எண்ணெயே இல்லை என்று சாதித்தவர்களுக்கு 'இப்போது புரிகிறதா?' என்கிற தொனியில் தந்தி அடித்தார். 1965-இல் சமோத்லோர் கண்டுபிடிக்கப்பட்டது, உலகத்தின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்று. அந்தத் தந்தியை, பீறிடும் எண்ணெயை, எண்ணெய் வழியும் முகத்தோடு சிரிக்கும் தொழிலாளியை யார் வேண்டுமானாலும் வரையலாம். மெகியோனுக்கு முந்தின நான்கு வருடத்தை எப்படி வரைவது? நிக்கோனோவ் வரைந்திருப்பது அந்த மாதிரி வருடங்களை. மண்ணின் பழுப்பு நிறமே மனிதர்கள் மேலும் ஏறியிருக்கிறது, உடல்களை நீட்டி இழுத்திருக்கிறார், பழைய ரஷ்யப் புனிதர் படங்களில் இருப்பது மாதிரி.

பிரச்சாரப் படம்தானே என்கிறீர்கள். அரசு அப்படி நினைக்கவில்லை. 1962 டிசம்பர் 1-ஆம் தேதி மாஸ்கோவில் மனேஜ் அரங்கில் நடந்த ஓவியக் கண்காட்சியைப் பார்க்க வந்த சோவியத் தலைவர் குருஷேவ் கண்டபடி திட்டிவிட்டுப் போனார், அன்று திட்டு வாங்கிய படங்களில் இதுவும் ஒன்று. மேல் மாடியில் இருந்த சோதனை ஓவியர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதைத்தான் இன்றைக்கும் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ நிக்கோனோவுக்கு விழுந்த திட்டுதான் சுவாரசியம். அவர் அருவ ஓவியர் இல்லை. வரைந்தது உழைக்கும் சோவியத் மனிதர்களைத்தான், அரசு எப்போதும் கேட்கும் அதே விஷயம். அவர்கள் களைத்துப்போயிருந்ததுதான் குற்றம். இந்த வகைப் படங்களுக்குப் பிற்பாடு 'கடுமைப் பாணி' என்று பெயர் வந்தது. உங்களுக்கு எரிச்சல் தந்த அதே சோர்வுதான் குருஷேவையும் உறுத்தியிருக்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எல்லா இடத்திலும் படம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அந்த நீட்சியில் கொஞ்சம் வேண்டுமென்றே செய்த சோகம் இருக்கிறது. அதே ஆளின் 1960 படம் 'நமது அன்றாட நாட்கள்' அந்த விதத்தில் இயல்பானது, அதையும் தேடிப் பாருங்கள். இரண்டையும் செல்போனில் பார்க்காதீர்கள். 'நிலவியலாளர்கள்' பெரிய கேன்வாஸ், இப்போது மாஸ்கோவில் ட்ரெத்யாகோவ் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது, கையகலத் திரையில் அந்தப் பழுப்பெல்லாம் ஒரே சேறாகத்தான் தெரியும்.