ஜெய்சல்மேர் போக இரண்டு தனித்தனி டிக்கெட் போடலாமா?

கேள்வி: ஜனவரி இரண்டாம் வாரம் மனைவி, 72 வயது அம்மாவுடன் ஜெய்சல்மேர் போகிறேன். சென்னையிலிருந்து டெல்லி வரை ஒரு நிறுவனம், டெல்லியிலிருந்து ஜெய்சல்மேருக்கு வேறொரு நிறுவனம். இடையில் நான்கு மணி நேரம் இருக்கிறது. "தவறினாலும் அடுத்த ஃப்ளைட்டில் ஏற்றிவிடுவார்கள்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அது இரண்டு தனித்தனி பிஎன்ஆர், அதாவது இரண்டு தனிப் பதிவு எண்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள்மேல் எந்தக் கடமையும் கிடையாது. அவர்கள் கணக்கில் நீங்கள் 'நோ ஷோ', அதாவது டிக்கெட் வாங்கிவிட்டு வராதவர். டிக்கெட் பணம் போய்விடும். வரியும் விமான நிலையக் கட்டணமும் மட்டும் கேட்டால் திரும்பக் கிடைக்கும். கேட்டால் மட்டும். இதை அந்த ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார்.

நான்கு மணி நேரம் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் தனி டிக்கெட் என்றால் டெல்லியில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். ஒரு விமானம் முதல் டெர்மினலிலும் மற்றது மூன்றாவதிலும் இருந்தால், நடுவே சாலை வழியாகத்தான் போக வேண்டும். வயதான அம்மாவை வைத்துக்கொண்டு இது சுலபமில்லை. அதற்குமேல் ஜனவரி பனிமூட்டம். ஜெய்சல்மேரில் வானம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அங்கே போக வேண்டிய விமானம் டெல்லியில் மாட்டிக்கொண்டிருக்கும். பாலைவனத்தில் என்ன பனி என்று கேட்பவர்கள் மறப்பது இதைத்தான்.

சென்னை, டெல்லி மாதிரி ஊர்களில் ஒரு விமானம் போனால் சில மணி நேரத்தில் இன்னொன்று உண்டு. ஜெய்சல்மேருக்கு அப்படி இல்லை. அது விமானப்படை தளத்தை ஒட்டிய சிறிய நிலையம். அக்டோபர் கடைசி முதல் மார்ச் கடைசி வரையிலான குளிர்கால அட்டவணையில்தான் பெரும்பாலும் சேவை, அதிலும் நாளுக்குச் சில விமானங்கள்தான். நீங்கள் போகும் காலத்தில் சுற்றுலாக் கூட்டம் வேறு. நாளைய விமானத்திலும் இடம் இருக்காது. டெர்மினல் கட்டத் தெரிந்தவர்களுக்கு வருடம் முழுக்க விமானம் விட மட்டும் ஏன் முடியவில்லை என்று எத்தனை வருடம் கேட்பது?

சரி, என்ன செய்யலாம்? ஒரே நிறுவனத்தில், ஒரே பிஎன்ஆரில் சென்னை முதல் ஜெய்சல்மேர் வரை கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால் உங்களைக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. அது கிடைக்கவில்லை என்றால் டெல்லியில் ஒரு இரவு தங்கி, மறுநாள் மதிய விமானத்தில் போங்கள். காலை விமானத்தைத்தான் பனி அதிகம் கெடுக்கும். மூன்றாவது வழி, ஜோத்பூர் வரை பறந்து அங்கிருந்து ரயிலிலோ காரிலோ போவது. சாலையில் சுமார் 280 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். ஜோத்பூருக்கு வருடம் முழுக்க விமானம் உண்டு. அம்மாவால் அவ்வளவு நேரம் உட்கார முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு பொறி இருக்கிறது. புக்கிங்கில் உங்கள் மொபைல் எண்ணுக்குப் பதில் தன் எண்ணைப் போட்டுவிடும் ஏஜென்ட்கள் நிறைய. விமானம் ரத்தான செய்தி அவருக்குப் போகும், நீங்கள் பெட்டியோடு நிலையத்தில் நிற்பீர்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு இப்படித்தான் ஆனது. நேரம் மாறியது முதல் நாளே ஏஜென்டுக்குத் தெரியும், இவர்களுக்குக் கவுண்டரில்தான் தெரிந்தது. அப்புறம் ரீஃபண்டும் ஏஜென்ட் கணக்குக்கே போனது. ஆறு மாதம் அலைந்தார்கள். ஏஜென்ட் மூலம் வாங்கினாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான். "ஏஜென்டைக் கேளுங்கள்" என்று தள்ளிவிட்டால் விமானப் பயணிகள் புகாருக்கான மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடுங்கள்.

ரத்து விஷயத்தில் எல்லோரும் குழம்புவது ஒன்று உண்டு. பனிமூட்டம், வான்வழி மூடல், பாதுகாப்புக் காரணம் இவையெல்லாம் நிறுவனத்தின் கையில் இல்லாதவை. 2025 மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களை மூடினார்களே, ஜெய்சல்மேரும் அதில் ஒன்று. இப்படி நடந்தால் நஷ்டஈடு கிடையாது. மற்றபடி, முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. ஆனால் நஷ்டஈடு வேறு, ரீஃபண்ட் வேறு. காரணம் பனியாக இருந்தாலும் போராக இருந்தாலும் அவர்கள் ரத்து செய்த டிக்கெட்டின் பணம் உங்களுடையது. கவுண்டரில் "வானிலை சார், எதுவும் தர முடியாது" என்று இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பணத்துக்குப் பதில் 'கிரெடிட் ஷெல்' என்று அடுத்த டிக்கெட்டுக்கு வரவு வைப்பதும் உங்கள் சம்மதம் இல்லாமல் கூடாது. விதி தெளிவாக இருக்கிறது. அதைப் பயணிக்குச் சொல்ல மட்டும் யாருக்கும் மனம் வருவதில்லை.

திரும்பும் பயணத்துக்கும் இதே கணக்குதான். ஜெய்சல்மேரிலிருந்து கிளம்பும் அன்றே சென்னை விமானத்தைத் தனி டிக்கெட்டில் போடாதீர்கள். சக்கர நாற்காலியை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். அம்மாவின் மருந்துகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக, கைப்பையில் வையுங்கள். ராணுவத் தளம் என்பதால் ஓடுபாதைப் பக்கம் மொபைலைத் தூக்கிப் படம் எடுக்க வேண்டாம்.

இன்றே ஏஜென்டுக்கு ஃபோன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: பிஎன்ஆர் ஒன்றா இரண்டா? புக்கிங்கில் யாருடைய எண் இருக்கிறது? பதில் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.