கத்தியவர்கள் கணக்கில் இல்லை

கேள்வி: 2023-ல் கடல் கனிமச் சட்டத்திருத்தம் வந்தபோது எங்கள் எம்.பி. ஆதரித்து ஓட்டுப் போட்டாரா, எதிர்த்தா என்று கட்சிக்காரரிடம் கேட்டேன். முழிக்கிறார். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் எப்படி வாக்களித்தார்கள் என்று நாமே பார்க்க வழி உண்டா?
– வாசகர் ஒருவர், குளச்சல்

பதில்: அவர் முழிக்காமல் என்ன செய்வார்? கட்சிக்காரரிடம் என்ன, நாடாளுமன்றத்திலேயே அதற்கு விடை கிடையாது.

கடலடிக் கனிமத்தை ஏலம் விட்டு 50 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்கிற அந்தத் திருத்தம், உங்கள் வள்ளங்கள் போகும் கடலைத் தொடுகிற விஷயம். 2023 ஆகஸ்ட் 1 அன்று மக்களவையில், மணிப்பூருக்காக எதிர்க்கட்சிகள் எழுப்பிய முழக்கத்துக்கு நடுவே, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. சிலர் 'ஆம்' என்று கத்துவார்கள், சிலர் 'இல்லை' என்று கத்துவார்கள். எது அதிகம் என்பதை சபாநாயகரின் காது முடிவு செய்யும். யார் வாயிலிருந்து எது வந்தது என்று எவரும் எழுதிவைப்பதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாலும் இல்லாத காகிதத்தைத் தர முடியாது. பெரும்பாலான மசோதாக்கள் இப்படித்தான் கரையேறுகின்றன.

பெயர் பதிவாக வேண்டுமென்றால் யாராவது டிவிஷன், அதாவது எண்ணி எடுக்கும் வாக்கெடுப்பு, கேட்க வேண்டும். குரல் முடிவை ஓர் உறுப்பினர் மறுத்தால் அவையை ஒட்டிய லாபியைக் காலிசெய்யச் சொல்வார்கள். மூன்றரை நிமிடம் கழித்து மறுபடி கேட்பார்கள். அப்போதும் மறுத்தால் பொத்தானிலோ சீட்டிலோ வாக்களிப்பார்கள். இதிலும் ஒரு சந்து உண்டு. தேவையில்லாமல் கேட்கிறார்கள் என்று சபாநாயகர் நினைத்தால், இரு தரப்பையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணலாம், பெயர் ஏறாது. மக்களவை விதி 367-லேயே இருக்கிறது. 2020-ல் வேளாண் மசோதாக்களுக்கு மாநிலங்களவையில் டிவிஷன் கேட்டும் நடக்கவில்லை. உறுப்பினர்கள் அவரவர் இடத்தில் இல்லை என்று காரணம் சொல்லப்பட்டது.

அரசியல் சட்டத் திருத்தம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு கணக்கு இருப்பதால் எண்ணாமல் தீராது. 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டுக்கு 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. வக்ஃபு மசோதா சாதாரண மசோதாதான். ஆனாலும் டிவிஷன் நடந்து 288-232 என்று பதிவானது. இந்த இரண்டிலும் கன்னியாகுமரி எம்.பி. எந்தப் பக்கம் என்பதை நீங்களே பார்க்கலாம். நாடாளுமன்றத்தின் சன்சத் டாட் இன் தளத்தில் மக்களவை விவாதங்களைத் திறந்து தேதியைக் கொடுங்கள். வக்ஃபுக்கு வாக்கு நடந்தது நள்ளிரவுக்குப் பின், ஆனால் அந்த அமர்வு தொடங்கிய 2025 ஏப்ரல் 2-ல்தான் தேட வேண்டும். மசோதா முடியும் இடத்தில் பெயர்ப் பட்டியல் இருக்கும், குடும்பப் பெயரை முன்னால் போட்டு. நம்மூர்ப் பெயர்களை அப்பா பெயரிலும் தேடிப் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில், சீட்டு மூலம் வாக்களித்தவர்களும் திருத்தியவர்களும் வருவார்கள். அதைப் படிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். எம்.பி.க்களின் செயல்பாட்டைத் தொகுக்கும் பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பின் தளத்தில் வருகை, கேள்வி, விவாதம் எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை உண்டு. வருகைச் சதவீதத்தை போஸ்டர் அடிப்பவர்களுக்கு அது போதும்.

சட்டமன்றத்தில் எண்ணுவதே அபூர்வம். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பில் எண்ணினார்கள்: 122-11. நம் மாவட்டத்தின் ஆறு தொகுதியும் அப்போது தி.மு.க., காங்கிரஸ் வசம். தி.மு.க.வினர் வெளியேற்றப்பட்டார்கள், காங்கிரஸ் வெளிநடப்பு செய்தது. முதல்வர் நீடிப்பாரா என்று முடிவான அன்று குமரி மாவட்டத்தின் வாக்கு ஒன்றுகூட அந்தக் கணக்கில் இல்லை.

சரி, பெயர் கிடைத்துவிட்டது என்றே வையுங்கள். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் பதவிக்கே ஆபத்து. ஆகவே பட்டியலில் நீங்கள் பார்ப்பது அநேகமாகக் கட்சியின் முடிவைத்தான். அதற்குப் பொத்தான் அமுக்கிய விரல் யாருடையது என்று ஆராய்வதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. அந்த மசோதாவில் பேசினாரா, திருத்தம் கொடுத்தாரா, டிவிஷன் கேட்டாரா? இவை அவரவர் செய்யக்கூடியவை, விவாதப் பதிவில் பெயரோடு இருப்பவை. ஆகஸ்ட் 1 பதிவை முதலில் படித்துவிட்டு, எம்.பி. அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: டிவிஷன் கேட்டீர்களா, கேட்கவில்லை என்றால் ஏன்? பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அச்சிடுகிறோம்.